முதியோர் பராமரிப்பு: பணியாளர் கற்க வேண்டியதும் தம்பதியர் கேட்க வேண்டியதும்



குடும்ப நலம் என்றதும் கர்ப்பிணித் தாய், கைக்குழந்தை, தடுப்பூசி, குடும்பக் கட்டுப்பாடு ஆகியவைதான் நம் நினைவுக்கு வருகின்றன. திண்ணையில் உட்கார்ந்திருக்கும் மாமனாரும் கட்டிலில் படுத்திருக்கும் ஆயாவும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள்தானே? அவர்களுடைய நலமும் குடும்ப நலமே.

அவர்களைப் பார்க்க உங்கள் வீட்டுக்குச் சுகாதாரப் பணியாளர் வருகிறார். அவர் என்னென்ன கற்றிருக்க வேண்டும், அவரிடமிருந்து நீங்கள் இருவரும் என்னென்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே இந்தப் பாடம். கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். படிக்கத் தெரியாதவருக்கு மற்றவர் வாசித்துக் காட்டுங்கள்.

1. இந்தப் பாடம் ஏன்?

1970-களின் தொடக்கத்தில் நம் நாட்டில் பிறந்த ஒரு குழந்தையின் சராசரி ஆயுள் சுமார் 50 ஆண்டுகள். இன்று அது சுமார் 70. பெரியம்மை ஒழிந்தது, தடுப்பூசி வந்தது, பிரசவம் ஆஸ்பத்திரியில் நடக்கிறது. அதனால் ஆயுள் கூடியது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 100 பேரில் 10 பேருக்கு மேல் 60 வயதைத் தாண்டியவர்கள்.

முன்பு ஒரு வீட்டில் ஐந்தாறு பிள்ளைகள். ஒருவர் இல்லாவிட்டால் இன்னொருவர் அப்பன் ஆத்தாளைப் பார்த்துக்கொண்டார்கள். இன்று ஒன்றோ இரண்டோ பிள்ளைகள். சிறு குடும்பம் நல்லதுதான், அதில் மாற்றமில்லை. ஆனால் மகன் லாரியில் வடக்கே போயிருப்பான், மகளைத் திருப்பூரில் கட்டிக் கொடுத்திருப்போம். சேந்தமங்கலம் பக்கத்தில் மருமகள் காலையில் குச்சிக்கிழங்குக் காட்டுக்கோ கோழிப்பண்ணைக்கோ சேகோ மில்லுக்கோ போய்விடுகிறாள். கை குறைந்துவிட்டது, வேலை கூடிவிட்டது. ஆகவே இருக்கிற இரண்டு கைக்கும் சரியான பயிற்சி வேண்டும்.

2. வருகிறவர் யார்?

துணை சுகாதார நிலையத்தில் இருக்கும் கிராம சுகாதார செவிலியரை உங்களுக்குத் தெரியும். அவருடைய பயிற்சி பெரும்பாலும் பிரசவம், தடுப்பூசி, குடும்ப நலம் ஆகியவற்றை ஒட்டியே அமைந்தது. அன்றைய தேவை அதுதான். முதியோரைப் பார்ப்பது தனிக் கல்வி என்பது பிறகுதான் உணரப்பட்டது.

இந்தக் கல்விக்கு வழி காட்டியதில் நம் மாநிலத்துக்குப் பெருமை உண்டு. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978-ஆம் ஆண்டு டாக்டர் வி. எஸ். நடராஜன் முதியோருக்கென்றே புறநோயாளிப் பிரிவைத் தொடங்கினார். 1996-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்தில் எம்.டி. படிப்பு ஆரம்பமாயிற்று. 2010-11-இல் மத்திய அரசு முதியோருக்கான தேசிய சுகாதாரத் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2024 பிப்ரவரியில் சென்னை கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது.

ஆனால் நம் ஆயா கிண்டிக்குப் போக முடியுமா? நாமக்கல்லுக்குப் பஸ் ஏறவே முடியாதவர் அவர். அப்படிப்பட்டவரை மனதில் வைத்து 5-8-2021 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கப்பட்டது. மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்த பெண் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார், மாத்திரை கொடுக்கிறார். படுக்கையில் இருப்பவருக்கு இயன்முறை மருத்துவரும், நோய் ஆதரவுச் சிகிச்சைச் செவிலியரும் வருகிறார்கள்.

பெரிய டாக்டரின் அறிவு நம் வீட்டு வாசலுக்கு வரும் பாலம் இந்தப் பணியாளர்தான். பாலம் உறுதியாக இருக்க வேண்டுமானால் பயிற்சி உறுதியாக இருக்க வேண்டும்.

3. ‘திறன்’ என்றால் என்ன?

பயிற்சி வகுப்பில் உட்கார்ந்து கேட்டு, கையெழுத்துப் போட்டு, சான்றிதழ் வாங்கினால் திறன் வந்துவிடாது. நம் நாமக்கல் லாரிக்காரரைக் கேளுங்கள். ‘டிரைவிங் புத்தகம் படிச்சிருக்கேனுங்க’ என்று வந்தவனிடம் சாவியைக் கொடுப்பாரா? ஓட்டிக் காட்டச் சொல்வார். அதுபோலத்தான் இதுவும். திறனுக்கு மூன்று அங்கம் உண்டு.

அறிவு: எது நோய், எது மூப்பு என்று பிரித்துத் தெரிந்திருப்பது.
கைப்பழக்கம்: செய்ய வேண்டியதைப் பிசகில்லாமல் செய்து காட்டுவது.
நடத்தை: மரியாதை, பொறுமை, ரகசியம் காப்பது.

மூன்றில் ஒன்று குறைந்தாலும் திறன் முழுமையாகாது. பயிற்சி தருபவர் மூன்றையும் சோதித்துப் பார்த்த பிறகே பணியாளரைத் தனியாக வீட்டுக்கு அனுப்ப வேண்டும். இனி, அவருக்குக் கைவர வேண்டிய எட்டுத் திறன்களைப் பார்ப்போம்.

4. எட்டுத் திறன்கள்

முதல் திறன்: பெரியவரிடமே பேசுவது

வருகிற பணியாளர் மருமகளிடம், ‘ஆயாவுக்கு எப்படி இருக்கு?’ என்று கேட்பது வழக்கம். ஆயா அங்கேயே உட்கார்ந்திருப்பார், அவரை யாரும் கேட்கமாட்டார்கள். பயிற்சி பெற்ற பணியாளர் இப்படிச் செய்வார்: ஆயாவின் எதிரே, முகம் தெரியும்படி உட்காருவார். டி.வி.யை நிறுத்தச் சொல்வார். கத்தாமல், நிதானமாகப் பேசுவார்.

‘ஆயா, நேத்து ராத்திரி தூக்கம் வந்துச்சுங்களா?’
‘எங்கே சாமி, நாலு தடவை எந்திரிச்சேன்.’
‘ஒண்ணுக்குப் போறதுக்குங்களா?’
‘ஆமா சாமி. இருட்டுல செவத்தைப் பிடிச்சுக்கிட்டே போனேன்.’

இரண்டு கேள்வியில் இரண்டு சேதி கிடைத்துவிட்டது. சிறுநீர்த் தொல்லை இருக்கிறது, இருட்டில் விழுகிற ஆபத்தும் இருக்கிறது. மருமகளை மட்டும் கேட்டிருந்தால், ‘நல்லாத்தான் இருக்காங்க’ என்பதோடு முடிந்திருக்கும். ஆயாவோடு சற்று நேரம் தனியாகப் பேச அவர் விரும்பினால் தப்பாக எண்ணாதீர்கள். பிள்ளைகள் முன்னால் சொல்லக் கூசும் விஷயம் எத்தனையோ உண்டு.

இரண்டாம் திறன்: எளிய சோதனைகள்

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட கைநூல் ஒன்று, வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகளைச் சொல்கிறது. அவற்றுக்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை.

நடை: கையை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து தடவை எழுந்து உட்காரச் சொல்வது. 14 விநாடிக்குள் முடிந்தால் நல்லது. விழுந்துவிடாதபடி பணியாளர் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.
ஞாபகம்: பூ, கதவு, நெல் என்று மூன்று வார்த்தை சொல்லி, சற்றுப் பேசிவிட்டுத் திரும்பச் சொல்லச் சொல்வது.
எடை: மூன்று மாதத்தில் 3 கிலோவுக்கு மேல் முயற்சியின்றிக் குறைந்ததா, பசி குறைந்ததா என்று கேட்பது.
காது: கை நீளத் தூரத்தில் நின்று கிசுகிசுத்துச் சொன்னது கேட்கிறதா என்று பார்ப்பது.
கண்: தூரத்தில் உள்ளதும் கிட்டத்தில் உள்ளதும் தெரிகிறதா என்று பார்ப்பது.
மனம்: இரண்டு வாரமாக மனச்சோர்வு உண்டா, எதிலும் நாட்டமில்லையா என்று கேட்பது.

‘வயசாயிடுச்சு, இனி என்ன?’ என்று சொல்லிவிடுகிறோமே, அதில் பாதி வயதால் வந்ததல்ல. காதில் அழுக்கு அடைத்திருக்கும், கண்ணில் புரை விழுந்திருக்கும். இரண்டும் சரி செய்யக் கூடியவை.

மூன்றாம் திறன்: அளவு பார்ப்பது

ரத்த அழுத்தத்தை உட்கார்ந்த நிலையில் பார்த்தால் மட்டும் போதாது. எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள்ளும் பார்க்க வேண்டும். 140 இருந்த மேல் அளவு நின்றதும் 120-க்கோ அதற்கும் கீழோ இறங்கினால் தலை சுற்றும், விழுவார். அப்படிப்பட்டவர் படுக்கையிலிருந்து திடீரென எழக் கூடாது. முதலில் உட்கார்ந்து, காலை ஆட்டி, பிறகுதான் எழ வேண்டும். டாக்டரிடமும் சொல்ல வேண்டும்.

சர்க்கரை கூடினால்தான் ஆபத்து என்று எண்ணாதீர்கள். மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கும். வியர்வை, நடுக்கம், குழறல் வரும். நினைவோடு இருந்தால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

நான்காம் திறன்: மாத்திரைப் பை

பணியாளர் வந்ததும், வீட்டில் உள்ள எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்ல வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் தந்தது, தனியார் டாக்டர் எழுதியது, மருந்துக்கடையில் கேட்டு வாங்கியது, நாட்டு மருந்து எல்லாமே அதில் இருக்க வேண்டும். ஒரே மருந்து இரண்டு பெயரில் இருப்பதும், இரண்டையும் பெரியவர் விழுங்குவதும் உண்டு. மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் வலி மாத்திரை நாள்பட்டால் சிறுநீரகத்தைக் கெடுக்கும், வயிற்றில் ரத்தக் கசிவை உண்டாக்கும். ‘பிரஷர் இறங்கிடுச்சு’ என்று மாத்திரையைத் தானாக நிறுத்துவதும் தவறு. அது இறங்கியதே மாத்திரையால்தான்.

ஐந்தாம் திறன்: விழாமல் காப்பது

வயதானவருக்கு இடுப்பெலும்பு முறிந்தால் படுக்கைதான், படுக்கையிலிருந்து அடுத்தடுத்த நோய்கள். பணியாளர் வீட்டைச் சுற்றிப் பார்த்து ஆபத்தான இடங்களைச் சுட்டிக்காட்ட வேண்டும். பாசி பிடித்த குளியல் தளம், உயரமான வாசற்படி, வழியில் கிடக்கும் கயிறு, தேய்ந்த ரப்பர் செருப்பு ஆகியவை அவற்றில் சில. கழிப்பறைக்குப் போகும் வழியில் இரவு விளக்கு வேண்டும். சுவரில் கைப்பிடி ஒன்று பதித்தால் மிக நல்லது. கணவன்மார்களே, இந்த வேலை உங்களுடையது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

ஆறாம் திறன்: உணவு ஊட்டுவது

‘பல்லில்லாதவங்களுக்குக் கஞ்சி போதும்’ என்பது சரியல்ல. சவ்வரிசிக் கஞ்சியிலும் குச்சிக்கிழங்கிலும் மாவுச்சத்து உண்டு, தசையைக் காக்கும் புரதம் மிகக் குறைவு. நம் ஊரில் முட்டைக்குப் பஞ்சமில்லை. வேகவைத்து மசித்த முட்டை, பச்சைப்பயறுக் கடைசல், தயிர், பொடித்த நிலக்கடலை கொடுங்கள். சிறுநீரக நோய் உள்ளவருக்கு மட்டும் டாக்டரைக் கேட்டுக் கொடுங்கள்.

மல்லாக்கப் படுக்க வைத்து ஒருபோதும் ஊட்டாதீர்கள். உணவு மூச்சுக்குழாய்க்குள் போய்ச் சளிக்காய்ச்சல் வரும். நிமிர்த்தி உட்கார வைத்து, சிறு சிறு வாயாக ஊட்டி, பிறகு அரை மணி நேரம் அப்படியே உட்கார வைத்திருங்கள். விழுங்கும்போதெல்லாம் இருமல் வந்தால் பணியாளரிடம் சொல்லுங்கள்.

ஏழாம் திறன்: படுக்கைப் புண் வராமல் தடுப்பது

இது கைப்பழக்கத்தால் மட்டுமே வரும் திறன். நகர முடியாதவரின் உடல் எடை எலும்பு உள்ள இடத்தில் அழுத்தும். அங்கே ரத்த ஓட்டம் நின்று தோல் செத்துப்போகும். பிட்டத்துக்கு மேலுள்ள எலும்பு, இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, குதிகால், முழங்கை, தோள்பட்டை ஆகிய இடங்களைத் தினம் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்திவிட்டு எடுங்கள். சிவப்பு மறையாமல் அப்படியே இருந்தால் புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கருத்த தோலில் சிவப்பு தெரியாது. ஆகவே நிற மாற்றம், சூடு, கெட்டித்தன்மை உண்டா என்று தொட்டுப் பாருங்கள். அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள்.

இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்ட வேண்டும். 6 மணிக்கு இடப்பக்கம், 8 மணிக்கு மல்லாக்க, 10 மணிக்கு வலப்பக்கம் என்று பழைய காலண்டர் தாளின் பின்புறம் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். தண்ணீர்ப் படுக்கையோ காற்றுப் படுக்கையோ வாங்கினாலும் புரட்டுவதை நிறுத்தக் கூடாது.

மேலே நகர்த்தும்போது அக்குளில் கைகொடுத்து இழுத்தால் தோல் உரசிக் கிழியும். பழைய வேட்டியை நாலாக மடித்து முதுகுக்கும் தொடைக்கும் அடியில் விரியுங்கள். கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம் நின்று, ‘ஒண்ணு, ரெண்டு, மூணு’ என்று சொல்லிச் சேர்ந்து தூக்குங்கள். இது தனியாள் செய்கிற வேலையல்ல. தனியாகச் செய்த எத்தனையோ மருமகள்கள் இடுப்பு பிடித்துக்கொண்டு தாங்களே படுத்திருக்கிறார்கள்.

எட்டாம் திறன்: ஆபத்தை அறிவது

முதுமையில் நோய் வேஷம் மாறி வரும். மாரடைப்பு வலியில்லாமல் வரலாம், மூச்சுத் திணறலும் வியர்வையும் மட்டும் இருக்கலாம். தொற்று நோய் காய்ச்சல் இல்லாமலும் வரலாம்.

நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று ஆளைத் தெரியாமல் உளறினால் அதை ‘மறதி நோய்’ என்று விட்டுவிடாதீர்கள், ‘காத்து கருப்பு’ என்று மந்திரிக்கவும் போகாதீர்கள். மறதி நோய் மாதக்கணக்கில் மெல்ல வரும். ஓரிரு நாளில் வந்த குழப்பத்துக்குச் சிறுநீர்த் தொற்று, சளிக்காய்ச்சல், நீர் வற்றுதல், உப்புச்சத்துக் குறைவு, புதிய மாத்திரை என்று ஏதேனும் ஒரு காரணம் இருக்கும். உடனே டாக்டரைப் பார்த்தால் பலரும் தெளிவார்கள். இந்த வித்தியாசம் தெரிந்த ஒரு பணியாளர் ஓர் உயிரைக் காப்பாற்றுகிறார்.

வாய் கோணினால், ஒரு கை தூக்க முடியாமல் விழுந்தால், பேச்சு குழறினால் அது பக்கவாதம். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று குறித்துக்கொண்டு 108-ஐ அழைத்து, தலை ஸ்கேன் வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ‘விடியட்டும் பார்க்கலாம்’ என்று சொன்னால் காலம் கடந்துவிடும்.

5. பணியாளரிடம் கற்பது எப்படி?

பணியாளர் உங்கள் வீட்டில் இருப்பது அரை மணி நேரம். மீதி நேரமெல்லாம் பார்ப்பவர்கள் நீங்கள்தான். ஆகவே வீட்டாருக்குக் கற்பிப்பதும் அவருடைய கடமையில் சேர்ந்ததே. தயங்காமல் கேளுங்கள்.

காட்டச் சொல்லுங்கள்: ‘நர்ஸம்மா, எப்படிப் புரட்டறதுன்னு ஒருக்கா செஞ்சு காட்டுங்க.’
நீங்கள் செய்யுங்கள்: அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செய்யுங்கள்.
திருத்தச் சொல்லுங்கள்: தவறினால் வெட்கப்பட வேண்டாம், மறுபடி செய்யுங்கள்.
எழுதி வையுங்கள்: ஒரு நோட்டில் தேதி, அளவு, மாத்திரை, அடுத்து வரும் நாள் ஆகியவற்றைக் குறியுங்கள்.

அவருக்குத் தெரியாததைக் கேட்டால், ‘டாக்டரைக் கேட்டுச் சொல்றேனுங்க’ என்று சொல்வதே நல்ல பணியாளருக்கு அடையாளம். அவரும் நம்மைப் போல் வீடு வாசல் உள்ளவர், வெயிலில் நடந்து வருபவர். மரியாதையாக உட்கார வைத்து, ஒரு சொம்பு தண்ணீர் கொடுங்கள்.

6. பாரம் ஒரே தோளில் ஏறலாமா?

அத்தையைக் குளிப்பாட்டுவது, துணி அலசுவது, ஊட்டுவது எல்லாம் மருமகள் தலையில். ‘எங்கம்மாவை நல்லாப் பார்த்துக்க’ என்று சொல்வதோடு மகன் கடமை முடிந்தது. பல வீடுகளில் இதுதான் நிலை. இது நியாயமல்ல. ஓய்வில்லாமல் உழைப்பவருக்குக் கோபம் வரும், கோபத்தில் சுடுசொல் வரும். பெரியவர் மனம் உடைவார், பார்ப்பவரும் பிறகு நினைத்து அழுவார். இருவருமே இதில் பாவப்பட்டவர்கள்.

நேரத்தைப் பங்கு போடுங்கள். இரவு ஒருவர், பகல் ஒருவர். ஆண் பெரியவரைக் குளிப்பாட்ட மகன் முன்வரட்டும். வெளியூரில் இருக்கும் அண்ணன், தங்கை மாதத்தில் சில நாளாவது வந்து மாற்றிவிடட்டும். பயிற்சி பெற்ற பணியாளர், ‘பெரியவர் எப்படி இருக்காங்க?’ என்று கேட்பதோடு, ‘பார்த்துக்கிற நீங்க தூங்கறீங்களா?’ என்றும் கேட்பார். உண்மையைச் சொல்லுங்கள்.

பெற்றோரைக் கைவிட்டால் அதற்குச் சட்டமும் உண்டு. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு நலச் சட்டத்தின்படி பெரியவர்கள் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். முதியோர் உதவி எண் 14567. ஆனால் சட்டம் சோறு வாங்கித் தரும், ஆறுதலாகப் பேசித் தராது. அது வீட்டிலிருந்துதான் வர வேண்டும்.

7. இருவரும் பதில் சொல்லிப் பாருங்கள்

1. உங்கள் வீட்டுப் பெரியவர் எத்தனை வகை மாத்திரை போடுகிறார்? ஒவ்வொன்றும் எதற்கு?
2. இரவில் கழிப்பறைக்குப் போகும் வழியில் விளக்கு இருக்கிறதா?
3. எதைக் கொண்டு பக்கவாதம் என்று அறிவீர்கள்? முதலில் என்ன செய்வீர்கள்?
4. படுத்திருப்பவரை எத்தனை மணிக்கு ஒரு தடவை புரட்ட வேண்டும்? யார் யார் சேர்ந்து?
5. திடீர்க் குழப்பத்துக்கும் மறதி நோய்க்கும் என்ன வித்தியாசம்?
6. சென்ற வாரம் பெரியவரோடு யார், எவ்வளவு நேரம் உட்கார்ந்து பேசினீர்கள்?

பதில் தெரியாத கேள்வியைக் குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த முறை வரும் பணியாளரிடம் கேளுங்கள். நீங்கள் கேட்கக் கேட்க அவரும் கற்பார். ஆறாவது கேள்விக்கு மட்டும் அவர் பதில் சொல்ல முடியாது.